அமெரிக்கப் பெருநகரங்கள்: ஆள் கூடியதா, எல்லை நீண்டதா?

[திரையில்: 1840. அதன் கீழே நான்கு நகரங்களின் பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

1840-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூயார்க்கை நெருங்க ஆளில்லை. அங்கே 3,12,710 பேர். வேடிக்கை அதற்குக் கீழேதான் இருக்கிறது. இரண்டாவது இடம் பால்டிமோர், 1,02,313 பேர். மூன்றாவது நியூ ஆர்லியன்ஸ், 1,02,193 பேர். இடையில் வெறும் 120 பேர். ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் கூட்டம். பிலடெல்ஃபியா 93,665 பேரோடு நான்காவது.

அந்த நான்காவது இடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

[திரையில்: பிலடெல்ஃபியாவின் பழைய வரைபடம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு சிறிய செவ்வகம் சிவப்பாகிறது.]

அன்றைய பிலடெல்ஃபியா நகரம் இந்தச் சிவப்புச் செவ்வகம்தான். கிழக்கிலும் மேற்கிலும் ஆறு, வடக்கே வைன் தெரு, தெற்கே இன்றைய சவுத் தெரு. பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர். வைன் தெருவின் இந்தப் பக்கம் நின்றால் பிலடெல்ஃபியா. தெருவைக் கடந்து எதிர் நடைபாதையில் கால் வைத்தால் வேறு ஊர். வீடுகள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நார்தர்ன் லிபர்ட்டீஸ், ஸ்பிரிங் கார்டன், கென்சிங்டன், சவுத்வார்க் என ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், கணக்கெடுப்பிலும் தனி வரி. கலகக்காரர்களுக்கு இது பெரிய வசதி. எல்லைத் தெருவைத் தாண்டிவிட்டால் நகரக் காவலர் பின்னால் வர முடியாது. 1844-இல் கென்சிங்டனிலும் சவுத்வார்க்கிலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு இந்தக் கூத்து போதும் என்ற குரல் வலுத்தது. 1854-இல் சுற்றியிருந்த மாவட்டம் முழுவதும் நகரத்தோடு சேர்க்கப்பட்டது.

[திரையில்: செவ்வகம் விரிந்து மாவட்டம் முழுவதையும் நிரப்புகிறது.]

1850-இல் 1,21,376 பேர். 1860-இல் 5,65,529 பேர். பத்தே ஆண்டில் நாலரை மடங்கு! ஆனால் அந்த மாவட்டத்தில் 1850-லேயே 4,08,762 பேர் குடியிருந்தார்கள். வீடு மாறாமல், மூட்டை முடிச்சைக் கட்டாமல், லட்சக்கணக்கானோர் பிலடெல்ஃபியாவாசிகள் ஆகிவிட்டார்கள்.

பெரிய நகரங்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: வந்து சேர்ந்தது ஆட்களா, எல்லைக்கோடா?

சிகாகோவுக்கு இரண்டும் வந்தன. 1840-இல் 4,470 பேர் இருந்த ஊர் அது. ரயிலும் தானியமும் இறைச்சியும் அதை ஊதிப் பெருக்கின. 1889-இல் பக்கத்து ஊர்களை இணைத்ததில் ஒரே வீச்சில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். 1890-இல் 10,99,850 பேரோடு இரண்டாவது இடம். அதே கணக்கெடுப்பில் நான்காவது பெரிய நகரம் எது தெரியுமா? புரூக்ளின். அன்று அது தனி நகரம். நியூயார்க்கோடு சேரலாமா என்று 1894-இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது, சேரலாம் என்ற தரப்பு 277 வாக்குகளில்தான் தப்பிப் பிழைத்தது. 1898-இல் இணைப்பு நடந்தது. அந்த 277 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020-இல் சிகாகோவில் 27,46,388 பேர், புரூக்ளினில் மட்டும் 27,36,074 பேர். மூன்றாவது இடத்துக்கு இன்று கடும் போட்டி நடந்துகொண்டிருக்கும்.

[திரையில்: லாஸ் ஏஞ்சல்ஸ் எல்லை. தெற்கே வால் போல் நீளும் பகுதி ஒளிர்கிறது.]

இந்த வாலைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் துறைமுகம் வேண்டும். கடலோ தெற்கே தொலைவில். 1906-இல், சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலம் இல்லாத நீண்ட பட்டை நிலத்தை இணைத்துக்கொண்டார்கள். ஷூ கயிறு என்றே அதற்குப் பெயர். 1909-இல் துறைமுக ஊரான சான் பெட்ரோவும் உள்ளே வந்தது. அடுத்த ஆயுதம் தண்ணீர். 1913-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து கால்வாய் வந்து சேர்ந்தது. அந்தத் தண்ணீர் வேண்டுமானால் பக்கத்து ஊர்கள் நகரத்தோடு சேர வேண்டும் என்பது நிலைமை. 1915-இல் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி சேர்ந்தது. நகரின் பரப்பு இரு மடங்குக்கு மேல் ஆனது. 1900-இல் ஒரு லட்சத்துச் சொச்சம், 1930-இல் 12 லட்சம்.

சேர்க்காமல் விட்டவர்களின் கதை செயின்ட் லூயிஸ். 1876-இல் அந்த நகரம் தன் மாவட்டத்திலிருந்து தானாகவே விலகியது. வயல்காட்டுக்கெல்லாம் நம் வரிப்பணமா என்ற எண்ணம். அன்று போட்ட கோடு நிலைத்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் மக்கள் கோட்டுக்கு வெளியே குடிபெயர்ந்தபோது நகரத்தால் பின்தொடர முடியவில்லை. 1950-இல் 8,56,796 பேர், 2020-இல் 3,01,578 பேர்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லைக்கோட்டின் தலையில் கட்டிவிட முடியாது. டெட்ராய்டின் வீழ்ச்சி கண்கூடான வீழ்ச்சி. 1950-இல் 18,49,568 பேர், 2020-இல் 6,39,111 பேர். கார் தொழிற்சாலைகள் நகரை விட்டு வெளியேறின, நெடுஞ்சாலைகள் வந்தன, புறநகர் வீட்டுக்கடன்கள் வெள்ளையருக்குக் கிடைத்தன, கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்டன. அங்கே ஓட்டை வீடுகளும் காலி மனைகளும் தெருத் தெருவாக நின்றதற்கு வரைபடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

[திரையில்: ஃபீனிக்ஸ், 1950. சிறிய புள்ளி. பிறகு 2020. திரை நிறைகிறது.]

கடைசியாக ஃபீனிக்ஸ். பாலைவனத்தில், குளிர்சாதனத்தின் தயவில் வளர்ந்த ஊர். 1950-இல் 1,06,818 பேர், 44 சதுர கிலோமீட்டர். இன்று 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2020 கணக்கெடுப்பில் 16,08,139 பேரோடு ஐந்தாவது இடம் பிடித்தது. 4,342 பேர் குறைவாக இருந்து ஆறாவது இடத்துக்கு இறங்கிய நகரம் பிலடெல்ஃபியா. ஃபீனிக்ஸின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அதன் எல்லை, 1854-இல் போட்டது போட்டபடியே இருக்கிறது.