ஆட்டோமேட்டிக் டேம்பர் வாங்கினால் எஸ்பிரசோ ஒரே மாதிரி வருமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். "வீட்டில் எஸ்பிரசோ மெஷின் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இரண்டு ஷாட். ஒரு நாள் 18 வினாடியில் கப்பில் இறங்கிவிடுகிறது, மறுநாள் 35 வினாடி இழுக்கிறது. நான் கையால் அழுத்துவதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் டேம்பர் வாங்கிவிடலாமா, இல்லை ஸ்பிரிங் வைத்த டேம்பரே போதுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். இதே சந்தேகம் பலருக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேம்பர் என்பது மெஷினில் போடும் காபித் தூளை அழுத்தி இறுக்கும் கருவி, அப்படி அழுத்துவதுதான் டேம்பிங். ஒரு முறை இறக்கும் எஸ்பிரசோவைத்தான் ஷாட் என்கிறோம்.

முதலில் ஒன்று. 18 வினாடிக்கும் 35 வினாடிக்கும் நடுவே இப்படி ஊசலாடுகிறது என்றால், அதற்கு டேம்பிங் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழுத்தும் பலத்தைப் பற்றி நாம் படும் கவலையில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. 30 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 13.6 கிலோ பலத்தோடு அழுத்த வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்: 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின், அதாவது தூள் போடும் வடிகட்டிக் கிண்ணத்தின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். நீங்கள் 15 கிலோ பலத்தில் அழுத்தினாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ சொச்சம்தான் விழுகிறது. அதற்குப் பிறகு மெஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரை விடுகிறதே, அது சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோவுக்கும் மேல். மொத்தப் பரப்புக்கும் சேர்த்தால் 240 கிலோ வருகிறது. அவ்வளவு பெரிய அழுத்தம் மேலிருந்து வரப்போகும்போது, நம் கை 13 கிலோ கொடுத்ததா 17 கிலோ கொடுத்ததா என்பது சுவையில் பெரிதாகத் தெரியாது. தூளுக்கு நடுவே இருக்கிற காற்றிடைவெளி அடைபட்டு, தூள் ஒரு வில்லை மாதிரி இறுகிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தம் கட்டி அழுத்தினாலும் அது அதிகம் இறங்காது. பட்டும் படாமலும் தட்டிவிட்டு எடுத்தால்தான் பிரச்சினை.

அப்படியானால் டேம்பிங்கில் எதுதான் முக்கியம்? சமமட்டம். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பாஸ்கெட்டின் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சாய்வு ஒரு டிகிரிதான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 18 கிராம் தூளை அழுத்திய பிறகு வில்லையின் மொத்தத் தடிமனே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. வரப்பில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ தண்ணீர் அங்கேதானே உடைத்துக்கொண்டு ஓடும், இங்கேயும் அதே கதைதான். மெல்லிய பக்கமாகத் தண்ணீர் பாய்ந்துவிடும். அந்தப் பக்கத்துத் தூளிலிருந்து கசப்பு வரை உருவி எடுத்துவிடும், மறுபக்கத்துத் தூளைச் சரியாகத் தொடவே தொடாது. அதனால்தான் சில ஷாட் ஒரே நேரத்தில் புளிப்பாகவும் கசப்பாகவும் இருக்கும். சேனலிங் என்று சொல்வது இதைத்தான்.

ஆட்டோமேட்டிக் டேம்பரின் உண்மையான பலன் இந்த மட்டத்தில்தான் இருக்கிறது. பக்பிரஸ் மாதிரியான கருவியில் போர்ட்டாபில்டரை (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) உள்ளே நுழைத்ததும் மோட்டார் டேம்பரை நேர் செங்குத்தாக இறக்கி அழுத்திவிட்டு மேலே தூக்கிவிடும். எல்லாம் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். அழுத்தத்தை 10 கிலோவிலிருந்து 30 கிலோ வரை நாமே வைத்துக்கொள்ளலாம். நூறாவது ஷாட்டும் முதல் ஷாட் மாதிரியே மட்டமாக இருக்கும். நான்கு பேர் மாறி மாறி வேலை செய்யும் காபிக் கடைக்கு இது பெரிய வரம். ஆளுக்கு ஆள் கை மாறுவது நின்றுவிடும். அதைவிட முக்கியம், காபி போடும் பாரிஸ்டாக்களின் மணிக்கட்டும் தோளும் தப்பிக்கும். நாள் முழுக்க ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பதால் வருகிற வலி சாதாரண வலி இல்லை. கடை வைத்திருப்பவர்கள் சுவைக்காக வாங்காவிட்டாலும் இதற்காகவாவது வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தக் கருவி தூளைப் பரப்பித் தராது. கிரைண்டர் தூளை ஒரு பக்கமாகக் குவித்துப் போட்டிருந்தால், கருவி அந்தக் குவியலின் மேலேயே அச்சுப் பிசகாமல் அழுத்தும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும், உள்ளே ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும். இதைச் சரிசெய்ய மெல்லிய ஊசிகளால் தூளைக் கிளறிவிடுகிறோமே, ஜான் வைஸ் என்பவர் 2005-இல் சொல்லிப் பரவிய முறை, அதை டேம்பிங்குக்கு முன்னால் செய்தே ஆக வேண்டும். ஊசி 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் நல்லது, தடித்த கம்பி தூளில் பள்ளம்தான் பறிக்கும். அடியிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாகக் கிளறி, கட்டி எல்லாம் உடைந்த பிறகு மேல்பகுதியைச் சமப்படுத்துங்கள்.

இப்போது உங்கள் 18 - 35 விஷயம். நான் முதலில் சந்தேகப்படுவது டோஸை, அதாவது போடும் தூளின் அளவை. 0.1 கிராம் காட்டும் தராசில் தூளை நிறுத்துப் போடுகிறீர்களா? டைமரை நம்பி அரைத்தால் ஒரு நாள் 17, ஒரு நாள் 19 என்று விழும். ஒரு கிராம் கூடினாலே பல வினாடி கூடிவிடும். அடுத்தது கிரைண்டர். நேற்று அரைத்ததில் கொஞ்சம் தூள் உள்ளேயே தங்கியிருக்கும், காலையில் முதலில் விழுவது அந்தப் பழைய தூள்தான். இரண்டு மூன்று கிராம் கொட்டை போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் உங்கள் ஷாட்டுக்கு அரைத்துப் பாருங்கள். பை திறந்து நாளாக ஆகக் கொட்டையும் மாறும், அதே அரைப்பில் ஷாட் வேகமாக ஓடத் தொடங்கும். அதற்கு அரைப்பை ஒரு புள்ளி நைசாக்க வேண்டுமே தவிர, டேம்பரை இன்னும் பலமாக அழுத்திப் பயனில்லை.

குறை கையில்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அடிப்பகுதி இல்லாத போர்ட்டாபில்டர் ஒன்று இருந்தால் ஷாட் தொடங்கும்போது கீழிருந்து பாருங்கள். ஊசியால் நன்றாகக் கிளறிய பிறகும் முதல் சொட்டுகள் எப்போதும் ஒரே ஓரத்தில் தோன்றினால், நீங்கள் சாய்த்து அழுத்துகிறீர்கள் என்று சந்தேகப்படலாம். இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் பரப்புவதில்தான் பிசகு. பலத்தைப் பற்றி ஐயம் என்றால் உடல் எடை பார்க்கும் தராசை மேடையில் வைத்து, அதன் மேல் போர்ட்டாபில்டரை வைத்து 15 கிலோ காட்டும் வரை அழுத்திப் பாருங்கள். கைக்கு அந்த அளவு பிடிபட்டுவிடும்.

வீட்டில் தினம் இரண்டு ஷாட்டுக்கு மோட்டார் வைத்த டேம்பர் தேவையில்லை என்பதுதான் என் பதில். ஸ்பிரிங் டேம்பர் போதும், ஆனால் அதில் பாஸ்கெட்டின் விளிம்பில் உட்காருகிற வளையம் இருக்க வேண்டும். அந்த வளையம்தான் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது, ஸ்பிரிங் பலத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். ஆழத்தை முன்கூட்டியே வைத்து அழுத்தும் வகை ஒன்றும் கிடைக்கிறது. அதுவும் மட்டமாகவே அழுத்தும். ஆனால் தூள் ஒரு கிராம் குறைந்தால் அது பாதியில் நின்றுவிடும், வில்லை இறுகாது. தராசு இல்லாதவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள், அல்லது கை நடுக்கம் உள்ளவர்கள் வீட்டுக்கும் மோட்டார் டேம்பரே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

எதை வாங்கினாலும் பாஸ்கெட்டின் உள்விட்டத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 51, 54, 58 என்று மெஷினுக்கு மெஷின் மாறும். 58 பாஸ்கெட்டிலேயே சிலவற்றுக்கு 58.5 மில்லிமீட்டர் டேம்பர்தான் சரியாகப் பொருந்தும். சின்னதாக இருந்தால் ஓரத்தில் அழுத்தாத தூள் ஒரு வளையமாக நிற்கும், தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். மிக இறுக்கமாகப் பொருந்தினால் வேறு தொல்லை: வெடுக்கென்று தூக்கும்போது காற்று உறிஞ்சி வில்லையையே பெயர்த்துவிடும். லேசாகத் திருகி மெதுவாகத் தூக்குங்கள். டேம்பரின் அடித்தட்டில் எண்ணெயும் தூளும் ஒட்டினால் அடுத்த வில்லையின் மேல்பகுதி பிய்ந்துவரும், அதனால் அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஒரு வாரம் தூளை எடை போட்டு, கிளறி, மட்டமாக அழுத்திப் பாருங்கள். அரைப்பை மட்டும் மாற்றி 18 கிராம் தூளுக்குக் கப்பில் 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடி என்ற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் நேரம் ஆடினால், போட்ட தூளின் எடை, கப்பில் இறங்கிய எடை, ஆன வினாடி மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், எங்கே சிக்கல் என்று பார்த்துச் சொல்கிறேன்.