மீட்டரின் சிவப்பு விளக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கரண்ட் பில் கூடிவிட்டால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான் விழும். சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் சண்டைக்குப் போகும் முன் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதனருகில் 3200 என்றோ வேறு எண்ணோ அச்சிட்டிருப்பார்கள். 3200 என்றால், அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆவதும் அதே ஒரு யூனிட்தான். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை மினுக்க வேண்டும். சூடானதும் பெட்டி தானே நின்றுவிடும், அதனால் முதல் நிமிடத்தையே எண்ணுங்கள். வோல்டேஜ் 230-லிருந்து 210-க்கு இறங்கியிருந்தால் 44 தான் வரும். பெட்டியே அவ்வளவுதான் இழுக்கிறது, மீட்டரைக் குறை சொல்ல முடியாது. 80 வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினாலும் அப்படியே.

மோட்டாரில்தான் குழப்பம் வரும். எலக்ட்ரீஷியன் கரண்டை அளக்கும் கிளாம்ப் கருவியை வயரில் மாட்டி 4 ஆம்பியர் என்கிறார். 230-ஆல் பெருக்கினால் 920 வாட். மீட்டரோ 650 வாட் அளவுக்கே ஓடுகிறது. இரண்டும் சரிதான்! மோட்டாரில் கரண்ட், வோல்டேஜுக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் மின்சாரம் லைனுக்கே திரும்பிப் போகிறது. மீட்டர் கணத்துக்குக் கணம் கரண்டையும் வோல்டேஜையும் பெருக்கி, போனதில் திரும்பியதைக் கழித்துக்கொள்கிறது. அலுமினியத் தட்டு சுற்றிய பழைய மீட்டரும் இதையேதான் செய்தது.

அப்படி வந்து திரும்பும் கரண்டுக்கு வீட்டில் காசில்லை. ஆனால் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுற்றும் பழைய வகைக் காற்றாலைகள் அதை லைனிலிருந்து இழுத்தால்தான் ஓடும். அதனால் அங்குள்ள மீட்டர், அனுப்பிய யூனிட், வாங்கிய யூனிட் இவற்றோடு அதையும் தனியாக எண்ணுகிறது, அதற்குக் கட்டணமும் உண்டு. மின்சாரம் கொடுப்பவருக்கே பில் வருகிறது, பாருங்கள்.

சரி, மீட்டர் சரியாக இருந்தும் பில் எகிறுவது ஏன்? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையான மலிவு விலை கிடைக்காது. கூடின சில யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள நூற்றுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது. ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதித்தால் 490 சுலபமாக 510 ஆகிவிடும். எனவே அறுபதாம் நாள் ரீடிங்கை நீங்களே குறித்து வையுங்கள், முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால், பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். மனுவில் அந்த நிமிடக் கணக்கையும் எழுதுங்கள்.