டிரைவர்களை உள்ளேயே வைத்து விண்டோஸ் டிஸ்க் செய்வது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் ரிப்பெயார் கடை நடத்தும் தம்பி ஒருவர் அனுப்பியது. "அண்ணா, லெப்டொப்புக்கு விண்டோஸ் போட்டபிறகு டிரைவர் தேடியே பாதி நாள் போய்விடுகிறது. சில புது லெப்டொப்பில் இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டி டிஸ்க்கே காட்டுவதில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒரே டிஸ்க்காகச் செய்ய முடியுமா? அதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

செய்யலாம் தம்பி. டிரைவர் என்பது லெப்டொப்பின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சிறு சொப்ட்வெயார். ஆனால் டிவிடி வேண்டாம். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும், விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (முழு இன்ஸ்டால் டிஸ்க்கும் ஒரே ஃபைலாக இருப்பது) அதைவிடப் பெரியது. 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள். மைக்ரோசொஃப்ட் தளத்தில் ஐஎஸ்ஓவாகவே டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச சொப்ட்வெயார் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். அப்புறம் நாம் கை வைக்கப்போவது சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற இரண்டு ஃபைல்களில் மட்டும்தான். அவற்றை ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுத்துத் திருத்தி, திரும்ப அதே இடத்தில் போட்டால் போதும். ஐஎஸ்ஓவைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை.

சரி, எஸ்எஸ்டி ஏன் காட்டவில்லை? இன்டெல் 11ஆம் தலைமுறை புரோசஸரிலிருந்து பல லெப்டொப்களில் எஸ்எஸ்டி விஎம்டி என்ற கண்ட்ரோலர் வழியாகத்தான் இணைகிறது. அதற்கு இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். விண்டோஸை இன்ஸ்டால் செய்யும் செட்டப்பிடம் அது இல்லையென்றால் டிஸ்க் பட்டியல் காலியாக வரும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிரைவரை இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு, இன்னும் காட்டவில்லையே என்கிறார்கள். இன்ஸ்டால்.விம் என்பது நாளைக்கு அந்த மெஷினில் ஓடப்போகும் விண்டோஸ். டிஸ்க்கைத் தெரிவு செய்யும் திரை ஓடுவது பூட்.விம்மில். அதற்குள்ளும் இரண்டு இமேஜ்கள் (தனித்தனி விண்டோஸ் தொகுப்புகள்) இருக்கின்றன, 2ஆவதுதான் செட்டப். ஆகவே ஆர்எஸ்டி டிரைவரை அந்த 2ஆவது இமேஜிலும், இன்ஸ்டால்.விம்மிலும், இரண்டு இடத்திலும் சேர்க்க வேண்டும். பயோஸில் விஎம்டியை நிறுத்திவிட்டு வேலையை முடிப்பவர்களும் உண்டு. பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும் மெஷினில் அதைச் செய்தால் அது பூட் ஆகாமல் போகலாம், கவனம்.

சேர்ப்பதற்கு விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கட்டளை போதும். கொமாண்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து, இமேஜை ஒரு வெற்று ஃபோல்டரில் மவுண்ட் செய்து (அதாவது திருத்துவதற்காகத் திறந்து), டிரைவர் ஃபோல்டரைக் காட்டிச் சேர்த்து, கொமிட் சொல்லி அன்மவுண்ட் செய்யுங்கள் (அதாவது மூடுங்கள்). கொமிட் சொல்லாவிட்டால் செய்தது எதுவும் சேமிக்கப்படாது. டிரைவர் ஐஎன்எஃப் ஃபைலாக இருக்க வேண்டும், செட்டப் இஎக்ஸ்இயை டிஸ்ம் எடுக்காது. அதே மொடல் லெப்டொப் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பி யுட்டில் கட்டளையால் அதிலிருந்தே டிரைவர்களை எடுத்துக்கொள்ளலாம். இன்ஸ்டால்.விம்மில் ஹோம், புரோ எல்லாம் தனித்தனி இமேஜ்கள். கடையில் போடும் பதிப்பு எதுவோ அதில் சேர்த்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விம்முக்குப் பதிலாக, இன்னும் சுருக்கி வைத்த இஎஸ்டி ஃபைல் இருந்தால் முதலில் விம்மாக மாற்றியே ஆக வேண்டும்.

என்டிலைட் என்ற சொப்ட்வெயார் இதையெல்லாம் மவுஸ் கிளிக்கில் செய்யும், நல்லதுதான். ஆனால் அதில் டிஃபெண்டர் (விண்டோஸின் வைரஸ் பாதுகாப்பு), அப்டேட் போன்ற பகுதிகளை நீக்கும் வசதியும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். இன்றைக்கு மெஷின் கொஞ்சம் வேகமாகத் தெரியும். சில மாதம் கழித்து அப்டேட் ஏறாமல் நிற்கும்போது, புறக்கோட்டையில் கணக்கு எழுதும் அந்த வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. வாடிக்கையாளர் மெஷினுக்குச் சேர்க்கலாம், வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மொழி, நேர வலயம் போன்ற கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்ல ஓட்டோஅன்அட்டெண்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலைப் பென் டிரைவின் மேல் மட்டத்தில் வையுங்கள். ஆனால் டிஸ்க்கை அழிக்கும் பகுதியை மட்டும் அதில் எழுதவே வேண்டாம். எழுதிவிட்டால் யாரையும் கேட்காமல் அழித்துவிடும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் அதில் இருக்கலாம். அந்த ஒரு கிளிக்கை நீங்களே பார்த்துச் செய்யுங்கள். பாஸ்வேர்டையும் அந்த ஃபைலில் வைக்காதீர்கள், பென் டிரைவ் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம்.

முடிந்ததும், கொம்பியூட்டருக்குள்ளேயே இன்னொரு கற்பனைக் கொம்பியூட்டரை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விஎம்டி பிரச்சினை அதில் தெரியாது, அதற்கு உண்மையான லெப்டொப்தான் வேண்டும்.

மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்றால், கூடாது. மாற்றிய விண்டோஸைப் பகிர லைசென்ஸ் இடம் தராது. உங்கள் பென் டிரைவால் யாருக்கும் லைசென்ஸ் கிடைக்கப்போவதுமில்லை, ஒவ்வொரு மெஷினுக்கும் அதற்குரியது வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் டிரைவர் ஃபோல்டரை எப்படிச் சேர்ப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இணையத்தில் யாரோ செய்து போட்ட ஐஎஸ்ஓவையும் நீங்கள் எடுக்காதீர்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.