வாசலில் எத்தனை படி?

நடுவர் அய்யாவுக்கும் அவைக்கும் வணக்கம். வணக்கத்துக்கே மூணு நிமிஷம் எடுத்துக்க நான் எதிரணி இல்லை.

"சீன-அமெரிக்கத் துப்பறியும் நாயகிக்குப் பலம் பயிற்சியா, வீடா?" வீடுதான்! எஸ். ஜே. ரோசான் 1994-லேருந்து நாவல் நாவலா எழுதிட்டு வர்ற லிடியா சின்னை எடுத்துக்குங்க. நியூயார்க் சைனாடவுன் பொண்ணு, தனியார் துப்பறிவாளர். நாலு அண்ணனுங்க. அம்மாவோட ஒரே வீட்டுல வாசம். அந்த அம்மாவுக்குப் பொண்ணோட தொழிலும் பிடிக்காது, கூட வேலை செய்யற பில் ஸ்மித்தையும் பிடிக்காது.

எதிரணித் தம்பி கேட்டாரு: "அதிகாரம் போலீஸ் தோழி மேரி கீ கிட்டதானே இருக்கு?" இருக்கட்டும். மேரி லிடியாவோட சின்ன வயசுத் தோழி தம்பி, போலீஸ் அகாடமியில கிடைச்ச தோழி இல்லை!

அதோட விட்டாரா? "அம்மாவுக்குப் பயப்படுறவ கொலைகாரனை எப்படிப் பிடிப்பா?"ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. அம்மாவுக்குப் பயப்படாதவங்க மட்டும் இப்பக் கைதட்டுங்க பாப்போம்.

ஒருத்தரும் இல்லை. எதிரணித் தம்பியும் தட்டலை. அவங்க அம்மா மூணாவது வரிசை.

எங்க அம்மா சான்பிரான்சிஸ்கோ வந்திருந்தப்போ ஸ்டாக்டன் தெரு மீன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஐஸ் மேல சிவப்பா ஒரு மீன். அம்மா செவுளைத் தூக்கிப் பாத்தாங்க. அந்தப் பக்கம் ஒரு சீனப் பாட்டி, அதே மீனோட வாலை அழுத்திப் பாத்தாங்க. ரெண்டு பேரும் நிமிர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரெண்டு தலையும் ஒரே நேரத்துல "ம்ஹூம்"னு ஆடுச்சு.

கடைக்காரர் "ஃப்ரெஷ், ஃப்ரெஷ்"ங்கறார். பாட்டி காண்டனீஸ்ல ஏதோ சொன்னாங்க. அம்மா தமிழ்ல, "ஆமாக்கா, முந்தாநாள் மீனுதான்"ங்கறாங்க. அக்காவாம்! அந்தப் பாட்டி மறுபடி ஏதோ சொல்ல, "அதானே, கண்ணு உள்ள போயிடுச்சு பாருங்க"ன்னு அம்மா. அஞ்சு நிமிஷம் பேசினாங்க அய்யா, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. செவுளை ஒருத்தர் பாத்தாச்சு, வாலை ஒருத்தர் பாத்தாச்சு, செத்த நேரம் சொல்லியாச்சு, பொய் சாட்சியையும் பிடிச்சாச்சு. இதைச் செய்ய போலீஸ்ல தடயவியல்னு தனி டிபார்ட்மெண்ட்!

தம்பி, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வயித்துல பொறந்த பொண்ணு முன்னாடி கொலைகாரன் நின்னு பொய் சொல்ல முடியுமா? "மணி என்ன, எங்க போன, கூட யாரு?" இந்த விசாரணையில தப்பிச்சுத் தப்பிச்சு வளர்ந்தவளுக்கு, எங்க எவன் தப்பிக்கப் பாப்பான்னு தெரியாதா?

நடுவர் மணியைப் பாக்கறார். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்.

இதே சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுல ஏஞ்சல் தீவு இருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஃபெர்ரியில போயிருப்பீங்க. சீனத் தொழிலாளி அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாதுன்னு 1882-ல சட்டம். 1906 பூகம்பத்துல நகரத்தோட பிறப்புப் பதிவெல்லாம் எரிஞ்சு போச்சு. நான் இங்கயே பொறந்த குடிமகன், இது என் பிள்ளைன்னு காகிதத்துல மட்டும் அப்பா பிள்ளை ஆனவங்க ஏகப்பட்ட பேர். அதனால 1910-லேருந்து 1940 வரைக்கும் அந்தத் தீவுல வந்து இறங்கினவங்களுக்குக் குடியேற்ற அதிகாரி விசாரணை. என்ன கேட்டான் தெரியுமா? உங்க வீட்டு வாசல்ல எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில? பையன் சொல்றதும் அப்பன் சொல்றதும் ஒத்துப்போகணும், இல்லேன்னா திரும்பக் கப்பல்தான். நிஜப் பிள்ளையே பதில் தெரியாம முழிச்சிருக்கு. மாசக்கணக்கா அடைச்சு வச்சாங்க. மரச்சுவர்ல கவிதை செதுக்கினாங்க, இன்னைக்கும் இருக்கு. அதே சான்பிரான்சிஸ்கோவுல 2004-ல போலீஸ் தலைமை நாற்காலியில வந்து உக்காந்தாங்க ஒரு சீன-அமெரிக்கப் பெண், ஹெதர் ஃபாங். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

இதுல பயிற்சி ஜெயிச்சுதா வீடு ஜெயிச்சுதான்னு நீங்களே சொல்லுங்க அய்யா. எனக்கு அதுக்கு மேல யோசிக்க முடியலை. நேத்து ராத்திரி உரை தயார் பண்ணும்போது, எங்க ஊர் வீட்டு வாசல்ல எத்தனை படின்னு நானே யோசிச்சுப் பாத்தேன். மூணா, நாலா... தெரியலை. வீட்டை வித்தாச்சு. போன் பண்ணிக் கேக்கலாம்னா, அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

வணக்கம்.