கூட்டம் போட்டால் கிருமி சாகுமா?

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். பாலியல் நோய்களைத் தடுக்க முதலில் காசு போட வேண்டியது விழிப்புணர்வுக்கா, சிகிச்சை நிலையத்துக்கா என்பது தலைப்பு. நான் சிகிச்சை நிலையத்தின் பக்கம்.

எதிரணித் தங்கச்சி, 1991இல் தாய்லாந்து ஆணுறைத் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய் நோயைக் குறைத்தது விழிப்புணர்வின் வெற்றி என்றார். பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டீர்களே தங்கச்சி! அங்கே அரசாங்கம் பாலியல் தொழில் நடக்கும் விடுதிகளுக்கு ஆணுறையை இலவசமாகக் கொடுத்தது, நோயோடு கிளினிக்குக்கு வந்த ஆண்களிடம் எந்த விடுதிக்குப் போனீர்கள் என்று விசாரித்து அந்த விடுதியைப் பிடித்தது. கிளினிக் இல்லையென்றால் யாரிடம் விசாரிப்பது?

தான்சானியாவின் முவான்சாவில் 1990களில் கிராமச் சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாலியல் நோய்களுக்கான மருந்து தடையில்லாமல் கிடைக்கச் செய்தார்கள். 2 வருடத்தில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஊர்களைவிடப் புதிய எச்ஐவி தொற்று சுமார் 40 சதவீதம் குறைவு. ஆட்களின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை, கவனியுங்கள்!

எங்கள் நாட்டுக்கு வருவோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. மூதூரில் இருக்கிற கர்ப்பிணி கருத்தரங்கில் சிபிலிஸ் பற்றிக் கேட்டுவிட்டா ஓடிவந்தார்? மருத்துவமாது அக்கா வீடு தேடிப் போய்ப் பெயரைப் பதிந்து, கிளினிக்குக்கு வரவைத்து, மற்ற இரத்தச் சோதனைகளோடு இதையும் சேர்த்துவிடுகிறார். ஆரம்ப சிபிலிஸ் என்றால் ஒரு பெனிசிலின் ஊசியே போதும்.

சரி, வெட்கம்? திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலை செய்கிற ஒரு தம்பியை நினைத்துப் பாருங்கள். தனக்கு வந்திருப்பது கொனோரியா என்கிற பாலியல் நோய் என்று அவனுக்குத் தெரியும். கிளினிக் வாசலில் பெரியப்பாவின் சிநேகிதர் நிற்கிறார், அப்படியே திரும்பிப் போய் பார்மசியில் சலக்கடுப்பு என்று சொல்லி நாலு குளிசை வாங்கிப் போடுகிறான். எரிச்சல் அடங்கினாலும் கிருமி அடங்காது, கொனோரியா ஏற்கெனவே பல மருந்துகளுக்கு மசியாத சாமான். இவனுக்குக் குறைந்தது விழிப்புணர்வா? பின்னேரமும் திறந்திருக்கிற, பெயரைக் கத்தாமல் இலக்கத்தைக் கூப்பிடுகிற ஒரு இடம்!

மணி அடித்துவிட்டார்கள். மிச்சக் காசில் எதிரணி பதாகை கட்டட்டும், அதில் கிளினிக் திறக்கிற நேரத்தையும் போடச் சொல்லுங்கள் நடுவர் ஐயா.