மயக்கத்தில் மூச்சுவழி: குழாயா, எல்.எம்.ஏ.வா?

நேயர்களுக்கு வணக்கம். முழு மயக்கம் கொடுக்கப்பட்ட நோயாளி தூங்குவதாகப் பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆனால் தூக்கத்திலும் நம்மைக் காத்துநிற்கும் அனிச்சைச் செயல்கள் மயக்கத்தில் அடங்கிவிடுகின்றன. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன; இரைப்பையிலிருந்து மேலேறும் நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் எழுவதில்லை. எனவே மயக்க மருத்துவருக்கு இரண்டு பொறுப்புகள்: பாதையைத் திறந்து வைப்பது, புரையேறாமல் காப்பது. இதற்கென உள்ள இரு கருவிகளை, அதாவது மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் எண்டோட்ரக்கியல் குழாயையும் தொண்டையில் வைக்கும் எல்.எம்.ஏ.வையும், ஒப்பிடும்போது பலரும் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள்; என் கணிப்பில் தேர்வைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

எண்டோட்ரக்கியல் குழாய் குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்கு உள்ளேயே நிற்கிறது. அதன் நுனிக்குச் சற்று மேலே இருக்கும் கஃப் என்ற சிறு காற்றுப்பையை ஊதியதும், குழாய்க்கும் சுவருக்கும் இடையேயுள்ள இடைவெளி அடைபடுகிறது. அந்தப் பையின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் கசியும், மிகுந்தால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்குப் போகும் இரத்த ஓட்டம் நசுங்கும். புரையேறுதலிலிருந்து இந்த அளவு காப்பு வேறெந்தக் கருவியிலும் இல்லை. அதற்கு விலையும் உண்டு: லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை விலக்கிக் குரல்நாண்களைப் பார்க்கும் தேர்ச்சி வேண்டும், பெரும்பாலும் தசைத் தளர்வு மருந்தும் வேண்டும், இரத்த அழுத்தம் சட்டென்று உயரலாம், விழித்தபின் தொண்டை வலிக்கலாம். குழாய் தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் குழாயைச் செலுத்தியவுடன் எல்லோர் கண்ணும் வெளிமூச்சை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் திரைக்குப் போகிறது. ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் கரியமில வாயுவின் அலை தொடர்ந்து எழுந்தால்தான் குழாய் மூச்சுப் பாதையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி பிரெயின் 1981-இல் உருவாக்கிய லாரிஞ்சியல் மாஸ்க், அதாவது எல்.எம்.ஏ., குரல்வளைக்குள் நுழைவதில்லை. அதன் வாயிலின்மேல் கவிந்து அமர்கிறது. லாரிங்கோஸ்கோப் இல்லாமலே வைத்துவிடலாம், தொண்டை வலி குறைவு, விழித்தெழும்போது இருமலும் குறைவு. ஆனால் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 20 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டினால் பழைய வகை கசியத் தொடங்கும், இரைப்பை நீரைத் தடுக்கவும் அதற்கு வழியில்லை. 2000-இல் வந்த ப்ரோசீல், 2007-இல் வந்த ஐ-ஜெல் போன்ற இரண்டாம் தலைமுறைக் கருவிகள் இன்னும் இறுக்கமாகப் பொருந்துகின்றன. இரைப்பை நீர் வெளியேறத் தனிப் பாதையும் அவற்றில் உண்டு. ஐ-ஜெல்லில் ஊதவேண்டிய பையே இல்லை. இருப்பினும் வெளியேறப் பாதை இருப்பது வேறு, மூச்சுக்குழாயை அடைத்துக் காப்பது வேறு. இதை விற்பனை விளக்கங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

வெறும் வயிற்றோடு வருபவருக்குக் கைகால்களில் நடக்கும் குறுகிய அறுவைக்கு எல்.எம்.ஏ.வே பொருத்தம், அங்கே வழக்கத்துக்காகக் குழாய் போடுவது தேவையற்றது. குடல் அடைப்பு, நிறைமாதக் கர்ப்பம், சாப்பிட்ட உடனே நேர்ந்த விபத்து ஆகியவற்றில் குழாய்தான். லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றை வாயுவால் நிரப்புவதால் நுரையீரலுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. அங்கே இரண்டாம் தலைமுறைக் கருவிகள் போதுமென்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஒல்லியான, வேறு நோயில்லாத நோயாளிகளில் அதை ஏற்கலாம், உடல் பருமன் மிகுந்தவர்களில் நான் ஏற்பதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: குழாய் போட முடியாமல் திணறும் நெருக்கடியில், காப்பில் குறைந்ததாகக் கருதப்படும் எல்.எம்.ஏ.தான் பலமுறை ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கிறது.

அண்மையில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரமும் நிறுத்தினால் போதும். சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாக்ளுடைடு போன்ற மருந்துகளோ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே விதிப்படி பட்டினி இருந்தவர் வயிற்றிலும் உணவு தங்கியிருக்கலாம். இம்மருந்தை எடுப்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் இரைப்பையைப் பார்த்துக்கொள்ள முடியும். உணவு தென்பட்டு, அறுவையையும் தள்ளிப்போட இயலாதென்றால், கையிலெடுக்க வேண்டியது எண்டோட்ரக்கியல் குழாய்.