கதிரை எங்கிருந்து வந்தது?

வணக்கம் நேயர்களே.

பல வருடங்களுக்கு முன்னர் சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆட்கள் கூடிவிட்டார்கள், இருக்க இடமில்லை. நான் எழும்பி, "அம்மா, உள்ளுக்கை இருந்து கதிரை கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன். நண்பரின் தாயார் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதிரா? அவன் ஆபீஸ்ல இருந்து இன்னும் வரலையே தம்பி!" கதிர் என்பது அவருடைய இளைய மகன்.

நாற்காலி என்று சொல்லியிருந்தால் சோலி முடிந்திருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தாரான எங்கள் வாயில் அது வராது. 'கதிரை' நல்ல தமிழ்ச் சொல் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து தேடிப் பார்த்தால், அது போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'. அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து போனது. லத்தீனில் 'கதெட்ரா' என்றால் இருக்கை. ஆயர் இருக்கும் கதிரை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். ஆக, எங்கள் பெரிய கோயிலை ஆங்கிலத்தில் கதீட்ரல் என்று சொல்லும்போதும் கதிரையைத்தான் சொல்கிறோம்!

அன்றிலிருந்து எனக்கு ஒரு விசர் பிடித்துவிட்டது. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேசை, நீள இருக்கையான வாங்கு, அலுமாரி, யன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கேயம். சமைக்கிற குசினிக்குள் போனால் அந்தக் குசினியே போர்த்துக்கேயம், அதற்குள் இருக்கிற பாண் என்கிற ரொட்டியும் போர்த்துக்கேயம். வெளிக்கிடுவோம் என்று சப்பாத்தைப் போட்டு, கைக்குட்டையான லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தால், அவையும் அப்படித்தான். பாணை நிறுக்கிற பழைய நிறை அளவான றாத்தல் மட்டும் இன்னும் தூரத்துச் சொந்தம்; அது அரபு மொழியில் பிறந்த சொல்.

இதில் எனக்கு விளங்காமல் கிடந்த விஷயம் ஒன்று. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை முழுதாகப் பிடித்தது 1619 இல். 1658 இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்து அவர்களைக் கலைத்துவிட்டார்கள். வெறும் 39 வருடம். ஒல்லாந்தரோ 1795 வரை இருந்தார்கள், 137 வருடம். கோட்டையைக்கூட ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். அப்படியென்றால் வீடு நிறைய ஒல்லாந்துச் சொல் அல்லவா இருக்கவேண்டும்?

ஆட்சி போனாலும் பேச்சுப் போகவில்லை என்பதுதான் சங்கதி. போர்த்துக்கேயச் சிப்பாய்களும் வியாபாரிகளும் இங்கேயே கலியாணம் முடித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேசிய கலப்புப் போர்த்துக்கேயம் துறைமுகத்திலும் சந்தையிலும் பொதுமொழியாக நின்றுவிட்டது. ஒல்லாந்தரின் சொந்த வீட்டுக்குள்ளேயே வேலையாட்களும் பிள்ளைகளும் அதைத்தான் பேசினார்கள். துரைமாருக்கு அது பெரிய எரிச்சல். ஒல்லாந்து பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்கவேண்டும் என்று கொழும்பில் கட்டளைகூடப் போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அந்தக் கலப்பு வழிவந்த பறங்கியர் சிலர் அந்த மொழியை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

சரி, ஒல்லாந்தர் என்னதான் விட்டுப் போனார்கள்? அலுவலகத்துக்குக் கந்தோர், உறுதி எழுதுகிறவருக்கு நொத்தாரிசு. எல்லாம் கடதாசி வேலை. 1707 இல் யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதித் தொகுத்ததும் அவர்கள்தான். காணி உறுதி எழுதப் போனால் இன்றைக்கும் அது குறுக்கே வரும். குசினிப் பக்கம் பார்த்தால் பீன்ஸ் என்கிற போஞ்சிக்காய் ஒன்றுதான் எனக்கு அகப்பட்டது. மற்றது கக்கூசு. மன்னிக்கவேண்டும், வானொலியில் சொல்லக்கூடாதுதான், ஆனால் அது சுத்தமான ஒல்லாந்துச் சொல்!

சொல்லை விடுவோம், சாப்பாட்டுக்கு வருவோம். காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழை விட யாழ்ப்பாணத்துச் சாப்பாடு ஒன்று உண்டா? முற்றத்தில் பெரிய பானை வைத்து, சுற்றிவர இருந்து, பனையோலைப் பிளாவைக் கோலிப் பிடித்து, மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் வடிய வடியக் குடிப்போமே. அந்த உறைப்புத் தருகிற செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் அங்கே போனது 1492 இல். அதற்கு முன்னர் மிளகாய் என்ற ஒன்றை ஆசியாவில் யாரும் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிளகு மாதிரி உறைக்கிற காய், சரி மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூழுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிற மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சோழர் காலத்து யாழ்ப்பாணத்தான் ஒருவன் கூழ் காய்ச்சியிருந்தால் மிளகைத்தான் அரைத்துப் போட்டிருப்பான். எப்படி இருந்திருக்குமோ, ஒரு நாளைக்குக் காய்ச்சிப் பார்க்கவேண்டும்.

புகையிலையும் அதே கரையிலிருந்து வந்ததுதான். ஆனால் வந்த புகையிலையை எங்கள் செம்பாட்டு மண் விடவில்லை. கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து வளர்த்து, திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேற்றி விற்றார்கள்.

என்னுடைய அப்பு பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். விறாந்தை போர்த்துக்கேயரின் சொல்லா இந்தியாவின் சொல்லா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கதிரையின் கதை சொல்லிவிட்டேன். புகையிலை அமெரிக்கா. சுருட்டு என்ற சொல் மட்டும் எங்களுடையது. சுருட்டுவதால் சுருட்டு. வெள்ளைக்காரன் அதையும் விட்டுவைக்கவில்லை. 'ஷெரூட்' என்று எழுதித் தன் அகராதிக்குள் போட்டுக்கொண்டான்.

நன்றி, வணக்கம்.